எலுமிச்சை இலைக்கு ஒரு புத்தகம்

கூடப்பிறந்த அக்காவின் உறுப்பினர் அட்டையைத் தன் கையாலேயே ரத்து செய்த நூலகர் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. இந்தக் கிளை நூலகத்தில் ஒருத்தி இருந்தாள். வாசகர்கள் அவளுக்கு 'சைலன்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள்.

நடந்தது இவ்வளவுதான். அவள் குடியிருந்த வீட்டின் மேல்தளத்தில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள், அதற்கும் மேலே மொட்டை மாடியில் அக்காவின் தோட்டம். பெயிண்ட் டப்பா, விரிசல் விட்ட வாளி, நீல டிரம் என்று மண் நிற்கிற எதையும் அக்கா விட்டுவைத்ததில்லை. தங்கைக்குச் செடி கொடி பற்றி ஓர் எழவும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே போய், அக்கா சொல்கிற டிரம்முக்கு ஒரு பக்கம் கை கொடுத்துச் சாய்ப்பாள், நகர்த்துவாள். அத்தானுக்கு இடுப்பு வலி. டிரம்மைத் தூக்குவது எப்போதும் அக்காவும் தங்கையும்தான்.

நூலகத்தில் தடியான பழைய புத்தகம் ஒன்று இருந்தது. வீட்டுச் செடிகளுக்கு வருகிற பூச்சி, நோய், குறை எல்லாவற்றுக்கும் படத்தோடு விவரம் சொல்வது. அதன் முதுகில் சிவப்பு வில்லை. சிவப்பு வில்லை ஒட்டிய புத்தகம் வாசலைத் தாண்டக் கூடாது, அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டும். அக்காவும் அப்படித்தான் வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவரைக்கொடியில் அப்பிக்கொண்டிருக்கும் பூச்சி நூலகத்துக்கு நடந்து வருமா? ஒரு நாள் சாயங்காலம் அவள் புத்தகத்தைப் பைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே செருகினாள். செருகிவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா வாய் அப்படிப்பட்ட வாய் இல்லையே.

"ஏய், அது என்ன பூச்சின்னு கண்டுபுடிச்சிட்டேன்டீ!" என்று மேசைக்கே வந்து சொன்னாள்.

நூலகர் புத்தகத்தை எடுத்துவந்து பிரித்தாள். பக்கம் முழுக்க ஈர மண். ஓரத்தில் கட்டைவிரல் ரேகை. படத்தில் இருந்த பூச்சிக்குப் பக்கத்தில் நசுங்கிப்போன நிஜப் பூச்சி ஒன்று. பேப்பர் படித்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் தலையை நிமிர்த்தி வேடிக்கை பார்த்தது. அந்தக் கூட்டம் மட்டும் இல்லாதிருந்தால் அவள் சும்மா முறைத்ததோடு விட்டிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். "அக்கான்னா ஒரு விதி, மத்தவங்களுக்கு ஒரு விதின்னு இங்க கிடையாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அக்காவின் அட்டையை வாங்கி, குறுக்கே முத்திரையைக் குத்தினாள்.

அக்கா அட்டையைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். "சரிங்க மேடம்" என்றாள்.

அதோடு பேச்சு நின்றுபோயிருந்தால்கூடத் தேவலை. நிற்கவில்லை. 'மேடம்' ஒட்டிக்கொண்டது. மாடிப்படியில் எதிரே வந்தால், "கொஞ்சம் வழி விடுறீங்களா மேடம்?" தண்ணீர்த் தொட்டி நிரம்பினால், "மோட்டாரை நிறுத்திடுங்க மேடம்." தன்னைக் கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பில் தூக்கிச் சுமந்த அக்கா வாயிலிருந்து அந்த 'மேடம்' வரும்போதெல்லாம் நூலகருக்குச் சுருக்கென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் மேலே போவதும் நின்றது. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

போன மழைக்கு முந்தின மழையில் நடந்த கதை இது. இன்னும் தீரவில்லை. சாயங்காலம் மேலே பூவாளியோடு நடக்கும் காலடிச் சத்தத்தை இவள் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் மனசு அக்காவைத் தேடியது. அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். கேட்டால், "நான் என்ன தப்பு பண்ணேன்? விதியைத்தானே சொன்னேன்?" என்பாள். மன்னிப்புக் கேட்பதென்றால் அவளுக்கு வேப்பங்காய்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை நூலகத்திலிருந்து அதிகாரி போன் செய்தார். பால்கனியிலும் மாடியிலும் செடி வளர்க்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம். கிளைக்கு ஓர் அலமாரி, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்றே. பதிப்பகங்களிடமிருந்து மாதிரிப் பிரதிகள் வரும், அதிலிருந்து உருப்படியாக ஒரு டஜன் தேர்ந்தெடுத்துவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

"எனக்குத் தோட்டம்னா ஒண்ணுமே தெரியாதே சார்."

"புத்தகம் தெரியுமில்ல? அது போதும்மா" என்று வைத்துவிட்டார்.

போனை வைத்ததும் அவள் மனசில் ஒரு கணக்கு ஓடியது. நல்ல புத்தகமாகப் பார்த்து அடுக்கிவிட்டால் அக்கா கீழே இறங்கி வந்துதானே ஆகவேண்டும்? அட்டை இல்லாதவர்களும் உட்கார்ந்து படிக்கலாம், அதற்கும் விதி இருக்கிறது. வந்து உட்கார்ந்து, பக்கத்தைப் புரட்டி, 'பரவாயில்லையே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். மன்னிப்பும் கேட்க வேண்டாம், மானமும் போகாது. ஆள் கெட்டிக்காரிதான்.

பெட்டிகள் வந்து இறங்கின. அவள் எல்லாவற்றையும் நீள மேசையில் பரப்பி, தனக்குத் தெரிந்த முறையில் பார்த்தாள். தையல் கெட்டியா, பசை விடுகிறதா, பொருளடக்கம் ஒழுங்கா, கடைசியில் சொல்லடைவு இருக்கிறதா, எழுதியவர் பெயருக்குப் பின்னால் படிப்பு எவ்வளவு நீளம். அகராதிக்கும் சட்டப் புத்தகத்துக்கும் இந்த முறை சரியாகத்தான் வந்திருக்கிறது. செடியென்று அவள் தன் வாழ்நாளில் வைத்துக்கொண்டது மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் செடி ஒன்றுதான், அதையும் துடைத்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்தாள். அட்டையெல்லாம் பளபளவென்று இருந்தது. தக்காளி ஒவ்வொன்றும் மெழுகு பூசின மாதிரி மின்னியது.

அத்தான் கடிகாரம் பழுது பார்க்கிறவர். கடை திறக்கும் முன் நூலகத்தில் பேப்பர் பார்த்துவிட்டுப் போவார். இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற மனிதர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"அத்தான், சும்மா இதையெல்லாம் போன்ல ஒரு படம் புடிச்சுக்கிட்டுப் போங்களேன்" என்றாள், ஏதோ இப்போதுதான் தோன்றியது போல. "யாராவது தோட்டம் போடுறவங்க பாத்தா நல்லது."

"யாராவதுன்னா?"

"யாராவதுதான்."

அத்தான் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அட்டை அட்டையாகப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் தீர்ப்பு வந்தது. அத்தான் நாற்காலியில் உட்காராமலேயே, பாடம் ஒப்பிக்கிறவர் போலச் சொன்னார். "அந்தப் பச்சை அட்டைக்காரர் செடியைப் பாத்திருக்கலாம், தண்ணி ஊத்தினது கிடையாதாம். குண்டுப் புத்தகம் ஏக்கர் கணக்குல நிலம் வச்சிருக்கிறவங்களுக்காம், நம்ம வாளிக்கு ஆகாதாம். படமா இருக்கிறதைக் கல்யாணத்துக்குப் பரிசா குடுக்கலாமாம். மீதியைப் பத்தி ஒண்ணும் சொல்லல, சிரிச்சா."

நூலகருக்குக் காது சூடாகிவிட்டது. "அட்டையை மட்டும் பாத்துட்டு எப்படிச் சொல்லலாம்? உள்ள பாத்தாங்களா?"

"அதுக்கும் பதில் குடுத்து அனுப்பியிருக்கா" என்று அத்தான் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தார். உள்ளே எலுமிச்சை இலை ஒன்று. நரம்பெல்லாம் பச்சையாக, நரம்புகளின் இடையில் மட்டும் வெளிறி மஞ்சளாக இருந்தது. "இது என்னன்னு மேடத்தோட புத்தகத்தைக் கேளு, அது சொல்லிட்டா நான் ஒத்துக்கறேன்னா."

"மரத்துக்கு என்ன ஆச்சு?"

"தெரியலம்மா. டிரம்ல இருக்கே, அந்த எலுமிச்சைதான். போடாத உரமில்ல, அடிக்காத மருந்தில்ல. நாளுக்கு நாள் மோசமாயிட்டே போகுது. அவளுக்கு ராத்திரி சரியாத் தூக்கமே இல்ல, ஆனா வெளியில காட்டிக்கமாட்டா." சொல்லிவிட்டு அவர் பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

அந்த எலுமிச்சை டிரம் அவளுக்கும் தெரியும். கன்றாக வாங்கிவந்த நாளில் அதை மாடிக்கு ஏற்றியது இரண்டு பேரும்தான். பாதிப் படியில் அக்காவுக்குச் சிரிப்பு வந்து, டிரம்மை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன சிரிப்பு என்று இப்போது ஞாபகமில்லை.

அன்று நூலகர் ஓர் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு புத்தகங்களோடு மல்லுக்கு நின்றாள். அப்போதுதான் விஷயம் அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. அவள் தேர்ந்தெடுத்த பன்னிரண்டில் பாதியில் நோய்கள் பெயர் வாரியாக, அகர வரிசையில் இருந்தன. பெயர் தெரிந்தவன் எதற்குப் புத்தகத்தைத் தேடி வருகிறான்? கையில் இருப்பது இலை. இலையிலிருந்து பெயருக்குப் போக வழியே இல்லை. சொல்லடைவில் 'மஞ்சள்' என்று பார்த்தால் மஞ்சள் பயிரிடும் முறை வந்தது. படப் புத்தகத்தில் நோஞ்சான் இலை ஒன்றுகூடக் கிடையாது, அத்தனையும் திருஷ்டி படும் அளவுக்கு அழகு. இன்னொன்றில் வசந்தத்தில் செய், பனி உருகியதும் செய் என்று போட்டிருந்தது, இங்கே எந்தப் பனி உருகப் போகிறது? அவள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பும் பெட்டியில் போட்டாள். போடப் போட ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் புத்தகம் எழுதியவர்கள்மேல் என்பாள், நம்பவேண்டாம்.

முதலில் ஒதுக்கி வைத்தவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தாள். அழுது வடிகிற அட்டை போட்ட நாலைந்து தேறின. அவற்றில் இலை நிறத்தை வைத்துத் தேட வழி இருந்தது. இரும்புச் சத்துக் குறைவு, இந்த உரத்தைப் போடு என்று எல்லாமே ஒரே குரலில் சொன்னன. அதைத்தான் அக்கா போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டாளே.

நூலகர் இலையை மேசையில் வைத்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு பின்புற அறைக்குப் போனாள்.

கழித்துக் கட்டிய புத்தகங்கள் அந்த அறையில் கிடக்கும். கிழிந்தது, நனைந்தது, கறை பட்டது எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒரு தடவை பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போவார். அக்காவின் மண்கறைக்காகக் கழித்த சிவப்பு வில்லைத் தடியன் உடைந்த நாற்காலிக்குக் கீழே இருந்தது. பேப்பர்காரர் வந்துபோன ஒவ்வொரு தடவையும் அது மட்டும் எப்படியோ அவள் கண்ணில் படாமல் தப்பித்திருந்தது. எப்படி என்று நாமும் கேட்க வேண்டாம்.

தூசியைத் தட்டிப் பிரித்தாள். அழுக்காக இருந்தது அக்காவின் பக்கம் மட்டும் இல்லை. மிளகாய் இலைச் சுருட்டல் பக்கத்தில் யாருடையதோ பழுப்பு விரல், தக்காளி வெடிப்புப் பக்கத்தில் தண்ணீர்க் கறை, கத்தரிப் புழுப் பக்கம் பிரித்துப் பிரித்தே தொங்கிப்போயிருந்தது. அக்கா ஒருத்தி இல்லை, இன்னும் எத்தனையோ பேர் இதைத் திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டது அக்கா மட்டும், அதுவும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாததால். அழுக்கானதை வருஷா வருஷம் கழித்துக்கட்டி, யாரும் தொடாததைப் பத்திரமாகத் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷ வேலையில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அந்த இருட்டறையில் நின்றுகொண்டு அவள் வெட்கப்பட்டாள்.

மஞ்சள் இலைப் பக்கம் கிடைத்தது. மற்றவை போல அது உரத்தின் பெயரைச் சொல்லவில்லை, கேள்வி கேட்டது. வெளிறியது மேலே இருக்கும் இளம் இலையா, கீழே இருக்கும் முற்றிய இலையா? இளம் இலை என்றால் உரத்தைத் தொடாதே, முதலில் தொட்டியைச் சாய்த்து அடித்துளையைப் பார். நீர் தேங்கி வேர் மூச்சு முட்டினால் மண்ணில் இருக்கும் சத்தையும் மரத்தால் எடுக்க முடியாது.

மறுநாள் அத்தான் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், அந்த இலை மேல இருந்து பறிச்சதா, கீழ இருந்து பறிச்சதான்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் டிரம்மோட அடி ஓட்டையை..."

அத்தான் பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்து வைப்பதே பெரிய சம்பவம். "இங்க பாரும்மா. நான் வாட்ச் ரிப்பேர் பண்றவன். ஒரே வீட்டுல மேலயும் கீழயும் இருந்துக்கிட்டு என்னைத் தபால்காரனாக்கிட்டீங்க. இலையும் தூக்க முடியாது, ஓட்டையும் தூக்க முடியாது. உனக்குக் கால் இருக்கு, போய்க் கேளு."

பேப்பர் படிக்கிற கூட்டம் மறுபடியும் தலையை நிமிர்த்தியது. இந்தத் தடவை சைலன்ஸ் யாரையும் அதட்டவில்லை.

சாயங்காலம் நூலகத்தைப் பூட்டும்போது புத்தகம் அவள் கக்கத்தில் இருந்தது. வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அன்றைக்குப் போயிருப்பாள் என்று நினைக்கிறேன். படியிறங்கினாள்.

மொட்டை மாடியில் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முதலில் தங்கையைப் பார்த்தாள், பிறகு சிவப்பு வில்லையைப் பார்த்தாள்.

"வாங்க மேடம். இது வாசலைத் தாண்டக் கூடாதே?"

"தாண்டிடுச்சு."

"ஓஹோ."

"இந்தா, பாரு" என்று நூலகர் புத்தகத்தை நீட்டினாள்.

அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "கையெல்லாம் அழுக்கு மேடம். நான் தொடமாட்டேன். நீங்களே படிங்க."

நூலகர் புத்தகத்தைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துப் பிரித்தாள். "மஞ்சளானது மேல் இலையா, கீழ் இலையா?"

"மேல்."

"அப்போ உரம் போடக் கூடாதாம். அடி ஓட்டையைப் பாக்கணுமாம்."

"ஓட்டை போட்டது நானு. எனக்குத் தெரியாதா? அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

"பாத்தியா?"

அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு செடியிலிருந்து ஏதோ சருகைக் கிள்ளினாள். "ஒத்தை ஆளா எப்படிப் பாக்கறது? மண்ணோட அது எவ்வளவு கனம்னு தெரியுமா? அவரைக் கூப்பிட்டா இடுப்பு புடிச்சுக்கும். ரெண்டு மழைக்கு மேல ஆச்சு, அந்த டிரம் நகர்ந்து."

நூலகருக்கு எலுமிச்சை எதனால் வெளிறியது என்று எந்தப் புத்தகத்தையும் இனி கேட்க வேண்டியதில்லை. "அக்கா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படி..."

"முதல்ல அந்தப் பக்கம் புடிங்க மேடம்."

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். டிரம் முதலில் அசையவே இல்லை. அப்புறம் தரையோடு ஒட்டியிருந்த அடி சத்தத்தோடு விட்டு மெல்லச் சாய்ந்தது. நூலகர் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுக்க, அக்கா குனிந்து மூங்கில் குச்சியை அடித்துளையில் விட்டுக் குத்தினாள். வேரும் சேறும் அடைத்துக் கல்லாகியிருந்தது. இரண்டு குத்து, மூன்று குத்து, குபுக்கென்று கறுப்புத் தண்ணீர் பீறிட்டு நூலகரின் பாதம் இரண்டையும் நனைத்துக்கொண்டு ஓடியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவள் ஐயோ என்று அலறினாளே தவிர டிரம்மை விடவில்லை.

"புடி, புடி, இன்னும் வருது!" என்று அக்கா கீழேயிருந்து கத்தினாள்.

தண்ணீர் வடிகிற வரைக்கும் பிடித்திருந்துவிட்டு, அடியில் இரண்டு செங்கல்லைக் கொடுத்து டிரம்மை இறக்கினார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. "அப்புறம் என்ன பண்ணணும்னு போட்டிருக்கு?" என்று அக்கா கேட்டாள். நூலகர் அவசரமாகப் போய், காற்றில் புரண்டிருந்த பக்கத்தைத் திருப்பி ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வரியில் விரலை வைத்துச் சத்தமாக வாசித்தாள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதே. மேல்மண்ணைக் கிளறிவிடு. புதுத் துளிர் பச்சையாக வருகிறதா என்று பார்த்துவிட்டு...

பாதியில் வாசிப்பு நின்றது. பக்கத்தின் நட்டநடுவில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாகக் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. அவள் கையை எடுத்தாள். சேறு எடுபடவில்லை.

அக்கா பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"சரி, உன் அட்டையை யாருடீ ரத்து பண்றது?" என்றாள்.